ஊருக்குள் புகுந்ததா, ஊரிலேயே இருந்ததா? நெல்லை மலையடிவாரச் சிறுத்தையும் கூண்டும்

பாபநாசம், விக்கிரமசிங்கபுரம், மணிமுத்தாறு, கடையம், களக்காடு, திருக்குறுங்குடி. இந்த ஊர்ப் பெயர்களோடு சேர்த்துச் சிறுத்தைச் செய்தி படிப்பது நமக்குப் பழகிவிட்டது. செய்தியின் வரிசைகூட மாறுவதில்லை. தொழுவத்தில் கட்டிய ஆடு காலையில் செத்துக் கிடக்கும். ஊரார் சாலையில் உட்காருவார்கள். வனத்துறை கூண்டு கொண்டுவந்து வைக்கும். சில நாளில் சிறுத்தை சிக்கும். ‘அடர்வனத்தில் விடப்பட்டது’ என்ற வரியோடு செய்தி முடியும். கொஞ்ச நாள் கழித்துப் பக்கத்துத் தெருவில் இன்னொரு ஆடு போகும்.

2024 மே மாதம் பாபநாசம் அடிவாரத்தில் வேம்பையாபுரம், அனவன்குடியிருப்பு பகுதிகளில் அடுத்தடுத்துச் சிறுத்தைகள் கூண்டில் விழுந்தபோது இரண்டு கேள்விகள் எழுந்தன. பிடித்து விட்டதுதான் திரும்பி வருகிறதா? காட்டில் இரையே இல்லாமல் போய்விட்டதா? இரண்டு கேள்விக்குள்ளும் ஓர் அனுமானம் இருக்கிறது: சிறுத்தையின் வீடு காடு, அது வழிதவறி ஊருக்குள் வந்துவிட்டது என்று. பல நேரங்களில் அந்த அனுமானமே தவறு. அதனால்தான் அதன்மேல் கட்டிய கூண்டுத் தீர்வும் நிற்பதில்லை.

மலை முடிகிற இடம்

முண்டந்துறை 1962-லும் களக்காடு 1976-லும் சரணாலயங்களாயின. இரண்டையும் சேர்த்து 1988-ல் களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் இதுதான். இதன் மையப் பகுதி 895 சதுர கிலோமீட்டர். ‘மையப் பகுதி’ என்பது விலங்குகளுக்கென்றே ஒதுக்கிய நிலம். அதைச் சுற்றி ‘வெளிமண்டலம்’ என்று ஒரு வளையம் உண்டு. மனிதப் புழக்கத்துக்கும் காட்டுக்கும் இடையில் மெத்தைபோல இருப்பதற்காக வகுத்தது. 2019-ல் தென்காசி தனி மாவட்டமான பிறகு கடையம், சிவசைலம் பக்கத்து மனுக்கள் வேறு ஆட்சியரின் மேசைக்குப் போகின்றன. மலை என்னவோ ஒன்றுதான்.

வேறு சில காப்பகங்களில் காடு சிறிது சிறிதாகக் கரைந்து புதராகி, மேய்ச்சல் நிலமாகி, பிறகுதான் வயல் வரும். இங்கே கிழக்குச் சரிவு செங்குத்தாக இறங்குகிறது. இறங்கிய இடத்தில் ஓர் அணை, ஒரு கால்வாய், அதையடுத்து நெல். தாமிரபரணி பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு போகம் விளைகிற நிலம் மலைக்கு இவ்வளவு அருகில் இருப்பது இந்த மாவட்டத்தின் பாக்கியம். சிறுத்தைக்கும் அது பாக்கியமாகிவிட்டது. தண்ணீர், மறைவு, இரை மூன்றும் அடிவாரத்திலேயே கிடைக்கின்றன. மறைவை மட்டும் எடுத்துக்கொண்டால்:

1. வாழைத் தோட்டம். களக்காடு, ஏர்வாடி வட்டாரத்தில் ஏத்தன் வாழை குலை தள்ளும் பருவத்தில் தோட்டத்துக்குள் நின்று பாருங்கள். காய்ந்த சருகு இடுப்புயரத்துக்குத் தொங்கும், பத்தடிக்கு அப்பால் ஆள் நிற்பது தெரியாது, வாய்க்காலில் தண்ணீர் ஓடும், நடுப்பகலிலும் குளிர்ச்சி. பகலில் படுத்திருக்க இதைவிட நல்ல இடம் மலையில்கூடக் குறைவு.

2. பொத்தை. சமவெளியில் தனியாக நிற்கும் பாறைக்குன்றை இந்தச் சீமையில் பொத்தை என்கிறோம். உச்சியில் ஒரு சாத்தா கோயிலோ முருகன் கோயிலோ இருக்கும். பாறை இடுக்குகளில் குகை இருக்கும். பெண் சிறுத்தை குட்டி போட்டு மறைத்துவைக்கத் தேடுவது இத்தகைய இடுக்குகளைத்தான்.

3. ஓடைக்கரை, உடங்காடு (உடைமரக் காடு), சீமைக்கருவேல். பயிர் வைக்காமல் போட்ட நிலமெல்லாம் முள்ளாகி, பொத்தைக்கும் மலைக்கும் இடையில் மறைவான பாதையாகிவிட்டது.

புலி வேறு, சிறுத்தை வேறு

பேச்சில் இரண்டையும் ‘புலி’ என்றே சொல்லிவிடுகிறோம். குழப்பத்தில் பாதி அங்கே தொடங்குகிறது. புலிக்குப் பெரிய இரையும் ஆள் நடமாட்டம் குறைந்த பரந்த காடும் வேண்டும். நம் மலையில் அது மேலேயே தங்கிவிடுகிறது. சிறுத்தைக்கு அப்படிப்பட்ட கண்டிப்பு கிடையாது. பெண் சிறுத்தை பெரும்பாலும் முப்பது சொச்சம் கிலோதான், ஒரு வளர்ந்த கிடாயின் எடை. முயல், மயில், குரங்கு, காட்டுப்பன்றிக் குட்டி, நாய், ஆடு, எலிகூட அதற்கு உணவு. மரம் ஏறும், கிணற்று மேட்டில் படுக்கும், மனிதர்கள் உறங்கும் நேரத்தைக் கணித்து நடக்கும்.

2022 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 13,874 சிறுத்தைகள், தமிழகத்தில் 1,070. 2018-ல் தமிழக எண்ணிக்கை 868. இந்த எண்களைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். தானியங்கி கேமராக்கள் வைக்கப்பட்டவை பெரும்பாலும் காடுகளில். வாழைத் தோட்டத்தில் யாரும் கேமரா வைத்து எண்ணவில்லை. வயல்வெளிச் சிறுத்தைகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்கில் வரவேயில்லை.

வயல்வெளியில் நிரந்தரமாகச் சிறுத்தை வாழ முடியும் என்பதற்கு நல்ல சான்று மகாராஷ்டிரத்தின் அகோலே பள்ளத்தாக்கு. கரும்பும் காய்கறியும் விளைகிற ஊர். சதுர கிலோமீட்டருக்கு 300 பேருக்கு மேல் வசிக்கிறார்கள். சொல்லிக்கொள்ளும்படி காடு இல்லை. அங்கே ஆய்வாளர் வித்யா ஆத்ரேயாவும் குழுவினரும் கேமரா வைத்து ஆராய்ந்து 2013-ல் வெளியிட்ட கணக்கு, 100 சதுர கிலோமீட்டருக்கு சுமார் 5 வளர்ந்த சிறுத்தைகள். குட்டிகளும் இருந்தன. குட்டி போட்டு வளர்க்கும் விலங்கை ‘வழிதவறி வந்தது’ என்று எப்படிச் சொல்வது?

எதைத் தின்கிறது?

அதே பள்ளத்தாக்கில் எச்சத்தைப் பிரித்துப் பார்த்ததில், எடைக்கணக்கில் சிறுத்தையின் இரையில் 87 விழுக்காடு வீட்டு விலங்குகள். அதில் முதலிடம் ஆட்டுக்கு அல்ல, நாய்க்கு: 39 விழுக்காடு. ஆடு 11 விழுக்காடுதான். இத்தனைக்கும் அந்த ஊர்களில் நாயைவிட ஆடு ஏழு மடங்கு அதிகம். ஆட்டை இரவில் அடைத்துவிடுகிறோம், நாயை அவிழ்த்துவிடுகிறோம் என்பதே இந்த வேறுபாட்டுக்குப் பொருத்தமான விளக்கம்.

கரும்பு இருக்கும் இடத்தில் வாழையை வைத்துப் பார்த்தால் நம் அடிவாரமும் அதே அமைப்புதான். ஆடு செத்தால் செய்தி. தெருநாய் ஒவ்வொன்றாகக் குறைந்தால் யாரும் கவனிப்பதில்லை. கோழிக் கடைக் கழிவை மூட்டை கட்டி ஓடையில் வீசுகிறார்கள். அதைத் தின்ன நாய்கள் கூடுகின்றன. அவற்றைத் தின்னச் சிறுத்தை வருகிறது. பிறகு ஒருநாள் நாய் கிடைக்காத இரவில், படல் சாத்தாத தொழுவம் கண்ணில் படுகிறது. காட்டில் இரை இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கே இந்தக் கதையில் பெரிய இடமில்லை. மலையில் கடமான் நிறைய இருந்தாலும், ஓடிப் பிடிக்க வேண்டிய கடமானைவிட ஓடையருகே தூங்கும் நாய் எளிது.

கூண்டு என்ன செய்கிறது?

சிறுத்தை தனக்கென எல்லை வகுத்து வாழும் விலங்கு. ஆணின் எல்லைக்குள் இன்னோர் ஆண் நுழைந்தால் சண்டை. தாயிடமிருந்து பிரிந்த இளம் சிறுத்தைகள் இடம் கிடைக்காமல் ஓரங்களில் அலைந்துகொண்டிருக்கும். இதை வைத்துப் பார்த்தால் கூண்டு வைப்பதன் விளைவு இப்படி விரியும்:

1. கூண்டில் சிக்குவது ஆட்டைக் கொன்ற சிறுத்தைதான் என்பதற்கு உறுதியில்லை. அந்த வழியாகப் போன எதுவும் சிக்கலாம்.

2. எல்லைக்காரச் சிறுத்தை போனால் இடம் காலியாகிறது. நாயும் கழிவும் தொழுவமும் அப்படியே இருப்பதால் அடுத்தது வந்து அமர்கிறது. வருவது பெரும்பாலும் அனுபவமற்ற இளசு. எந்த வீட்டுப் பக்கம் போகலாம், எப்போது போகக் கூடாது என்று பழைய சிறுத்தை ஆண்டுக்கணக்கில் கற்றது அதற்குத் தெரியாது.

3. கொண்டுபோய் விட்ட இடத்தில் வேறொரு சிறுத்தை ஏற்கெனவே இருக்கும். தள்ளப்பட்டது அங்கே நிற்காது. சொந்த இடம் நோக்கி நடக்கும். நடக்கும் வழியில் முன்பின் தெரியாத ஊர்கள்.

மூன்றாவது புள்ளிக்குக் கசப்பான சான்று உண்டு. புனே மாவட்டத்து ஜுன்னர் வனக்கோட்டத்தில் 2001 முதல் சிறுத்தைகளைப் பெருமளவில் பிடித்து, சராசரியாக 40 கிலோமீட்டர் தள்ளிக் காடுகளில் விட்டார்கள். அதற்கு முன் ஆண்டுக்குச் சராசரி 4 ஆக இருந்த மனிதர் மீதான தாக்குதல், அதன்பின் 17 ஆனது. உயிரிழப்பின் விகிதமும் கூடியது. 2009-ல் இதே மாநிலத்தில் கிணற்றில் விழுந்த ஓர் ஆண் சிறுத்தையைப் பிடித்து, கழுத்தில் இடங்காட்டும் கருவி மாட்டி வேறிடத்தில் விட்டபோது, அது சுமார் 120 கிலோமீட்டர் நடந்து மும்பையின் விளிம்பில் உள்ள தேசியப் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தது.

நம் பக்கத்தில் யானை அரிக்கொம்பன் கதை எல்லோருக்கும் நினைவிருக்கும். 2023 ஏப்ரல் கடைசியில் கேரளத்துச் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். ஒரு மாதத்துக்குள் கம்பம் நகரத் தெருவில் நின்றது. ஜூனில் மறுபடி பிடித்து நம் அப்பர் கோதையாறு காட்டில் விட்டார்கள். செப்டம்பரில் மாஞ்சோலை மலையின் தேயிலைத் தோட்டங்களில் தலைகாட்டியது. யானை வேட்டை விலங்கு அல்ல. ஆனால் ‘அடர்வனம்’ என்ற சொல் வரைபடத்தில் கொடுக்கும் நிம்மதி எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதற்கு அது போதும். பாபநாசம் அடிவாரத்தில் பிடித்த சிறுத்தையை இதே அப்பர் கோதையாறில் விடுவது வழக்கம். வளைந்து வளைந்து ஏறும் ஜீப்புக்குத்தான் அது தூரம்.

அப்படியானால் ‘விட்டதுதான் திரும்பி வருகிறதா?’ திரும்பியும் வரலாம். அதன் இடத்துக்குப் புதியது வந்தும் இருக்கலாம். உடலில் உள்ள புள்ளிப் பூ வடிவம் கைரேகைபோல ஒவ்வொன்றுக்கும் வேறு. பிடிக்கும்போதே இருபக்கமும் படம் எடுத்து வைத்து, அடுத்தது சிக்கும்போது ஒப்பிட்டு ஊராருக்கும் காட்டினால் பாதி வதந்தி அடங்கும். செலவில்லாத வேலை.

சுட்டுவிட முடியாதா?

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் சிறுத்தை உச்சப் பாதுகாப்புக்குரிய முதல் அட்டவணையில் இருக்கிறது. சட்டம் ‘வேட்டை’ என்று சொல்வதில் கொல்வது மட்டுமல்ல, பிடிப்பதும் பொறி வைப்பதும் அடங்கும். தலைமை வனவிலங்குக் காப்பாளர்தான், மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்டது என்று எழுத்தில் காரணம் காட்டி அனுமதிக்க முடியும். அப்போதும் பிடிக்கவோ மயக்கவோ இடம் மாற்றவோ முடியாது என்று ஆனால்தான் கொல்ல உத்தரவிடலாம். மீறினால் 3 முதல் 7 ஆண்டு சிறை.

ஆடு தூக்கியது ‘மனித உயிருக்கு ஆபத்து’ ஆகாது. சிறுத்தையைக் கண்ணால் கண்டதும் ஆகாது. மத்திய அரசு 2011-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்த இரண்டுக்காகப் பிடிக்க வேண்டாம் என்ற பக்கமே நிற்கிறது. இருந்தும் கூண்டு வருகிறது. ஏன்? ரேஞ்சருக்கு முன்னால் சாலை மறியல், பின்னால் மேலிடத்துத் தொலைபேசி. நடுவில் ஏதாவது செய்ததாகக் காட்ட இரும்புக் கூண்டைப் போலக் கண்ணுக்குத் தெரியும் பொருள் வேறில்லை. அதிகாரிகளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை; ஆட்டை இழந்தவருக்கு வேறெதையும் உடனே தர முடியாத அமைப்புதான் கூண்டைத் தருகிறது.

ஆட்டுக்காரர் பக்கம்

அடிவாரத்தில் ஆடு வைத்திருப்பவர்களில் பலருக்கு நிலம் கிடையாது, அல்லது பேருக்குக் கொஞ்சம். ‘கன்னி’ இனத்து ஆடு நாலைந்துதான் அவர்களுடைய வங்கிக் கணக்கு. ஒன்று இரட்டைக் குட்டி போட்டால் பள்ளிக்கட்டணம். கிடாய் ஒன்றைக் கோயில் கொடைக்கு நேர்ந்து விட்டிருப்பார்கள். அந்தக் கிடாயைச் சிறுத்தை அடித்தால் சந்தை விலைக்கணக்கில் ஈடு தீர்வதில்லை. சாமிக்குச் சொன்ன சொல்லும் சேர்ந்து போகிறது. சிறுத்தை நாட்டுக்குச் சொத்து. அதை வளர்க்கும் செலவு மட்டும் வேம்பையாபுரத்துக்காரருடையது. இந்தக் கணக்கைச் சரி செய்யாமல் ‘சகவாழ்வு’ என்று மேடையில் பேசுவது எளிது.

இழப்பீடு கேட்பதில் முதல் தடை, கொன்றது எது என்ற கேள்வி. நாய்க்கூட்டம் கடித்த ஆட்டுக்கு வனத்துறை பணம் தராது. செத்த ஆட்டைப் புரட்டிப் பார்த்தால் பெரும்பாலும் விடை தெரியும். சிறுத்தை தொண்டையைப் பிடித்து மூச்சை அடைத்துக் கொல்லும். கழுத்து மயிரை ஈர விரலால் விலக்கினால் கோரைப்பல் இறங்கிய துளைகள் தெரியும். வெளியே ரத்தம் அதிகம் இருக்காது, தோலை உரித்தால் உள்ளே கன்றிக் கறுத்திருக்கும். மேலே வேறு கடி இருக்காது. நாய்கள் அப்படியில்லை: பின்தொடை, வால், காது என்று கண்ட இடத்தில் பிய்த்திருக்கும், பக்கத்து ஆடுகள் சாகாமல் புண்ணோடு நிற்கும். ஈர மண்ணில் தடம் பாருங்கள். நாய்த்தடத்தில் விரல் முனையில் நகக்குறி குத்தியிருக்கும். சிறுத்தை நகத்தை உள்ளிழுத்து நடப்பதால் நாலு விரலும் ஒரு மெத்தையும் மட்டும் பதியும். ஆகவே உடலை இழுத்துப் போடாமல், தடத்தின்மேல் ஒரு சட்டியைக் கவிழ்த்து வைத்து, வனத்துறைக்கும் கால்நடை மருத்துவருக்கும் சொல்லி அனுப்ப வேண்டும். சான்று கிடைப்பதும் கிடைக்காததும் அந்த முதல் இரண்டு மணி நேரத்தில்தான்.

‘ஒரே இரவில் ஏழு ஆட்டைக் கொன்றது, ஒன்றைத்தான் தின்றது, இது வெறிபிடித்த சிறுத்தை’ என்று சொல்வதுண்டு. வெறி அல்ல. திறந்தவெளியில் ஒன்றைப் பிடிக்கும்போது மற்றவை ஓடிவிடும். வேட்டை அத்தோடு முடியும். நாலு சுவருக்குள் ஓட வழியில்லாத ஆடுகள் சுற்றிச்சுற்றிக் கண்முன் துள்ளுகின்றன. துள்ளுவதைப் பிடிக்கும் உந்துதல் அடங்குவதற்கு வாய்ப்பே இல்லை. அரைகுறையாக அடைத்த தொழுவம், அடைக்காத தொழுவத்தைவிட மோசம்.

முழுமையாக அடைத்த தொழுவம் என்றால் என்ன? இடுப்புயர மண்சுவரும் ஓலைக்கூரையும் போதாது. ஓலையைப் பிய்த்து இறங்கிவிடும். நான்கு பக்கமும் மேலேயும் கம்பி வலை, தரையோரம் கல் அடுக்கு, வெளியே தாழிடும் கதவு, கூரைமேல் சாயும் மரக்கிளையை வெட்டுவது, நாயையும் உள்ளே கட்டுவது. தச்சரும் வெல்டிங் பட்டறையும் இருக்கும் எந்த ஊரிலும் இரண்டு நாள் வேலை. கூண்டைத் தூக்கிவர வண்டியும் ஆளும் எரிபொருளும் பல நாள் காவலும் செலவாகும்போது, அதே பணத்தில் எத்தனை தொழுவத்துக்கு வலை அடிக்கலாம் என்று யாராவது கணக்குப் போட வேண்டும்.

ஆள் மேல் பாயுமா?

பாயாது என்று சொல்ல முடியாது. சிறு குழந்தைகள் அபாயத்தில் இருப்பவர்கள்தான். குனிந்து உட்கார்ந்திருக்கும் உருவத்தை இருட்டில் அது இரையாக எண்ணிவிடலாம். அதனால் அடிவார ஊர்களில் வீட்டோடு கழிப்பறையும் எரிகிற தெருவிளக்கும் வெறும் வசதி அல்ல. பகலில் சிறுத்தை தென்பட்டால் கூட்டம் கூடுவதுதான் பெரிய ஆபத்து. நாலு பக்கமும் ஆள் நின்று செல்போனில் படம் எடுத்தால் ஒரு பக்கத்தை உடைத்துக்கொண்டுதான் அது வெளியேறும்; காயங்களில் பல இப்படி வருபவை. வழி விட்டால் இருட்டியதும் போய்விடும்.

கரடியை இதோடு சேர்க்கக் கூடாது. அது வேட்டையாட வருவதில்லை; கறையானுக்கும் பழத்துக்கும் வருகிறது. திடீரென எதிர்ப்பட்டால் பயந்து தாக்குகிறது, முகத்தைக் குறிவைக்கிறது. 2022 நவம்பரில் கடையம் அருகே சாலையில் ஒரு கரடி மூவரைக் கொடுமையாகக் காயப்படுத்தியது. மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் களக்காடு காட்டில் விட்டார்கள், அது இறந்துபோனது. பிடித்து விடுவது விலங்குக்கும் அவ்வளவு எளிதான காரியமல்ல.

காட்டுப்பன்றி உத்தரவு எங்கே தொடுகிறது?

2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றி பற்றி முடிவெடுத்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை கைவைக்கக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். வாழைக் கிழங்கைத் தோண்டிப் போட்ட பன்றியால் நொந்த விவசாயிக்கு இது நியாயமான ஆறுதல். ஆனால் பன்றிக் குட்டி சிறுத்தைக்குப் பிடித்தமான இரை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வயலோரத்தில் பன்றி குறைந்து நாய் குறையாவிட்டால், சிறுத்தையின் பார்வை இன்னும் அதிகமாகத் தெருப்பக்கம் திரும்பலாம். பன்றிக்கு ஓர் உத்தரவு, நாய்க்கு ஒரு விதி, கழிவுக்கு ஒரு பஞ்சாயத்துத் தீர்மானம், சிறுத்தைக்கு ஒரு கூண்டு என்று நாலும் நாலு அலுவலகத்தில் இருக்கின்றன. ஓடைக்கரையில் நாலும் ஒரே இடத்தில் நடக்கின்றன.

அடுத்து கவனிக்க வேண்டிய காலம் பிசான அறுப்பு முடிந்த பங்குனி, சித்திரை. அறுத்த வயலில் உரத்துக்காகக் கிடை போடுவார்கள். நூற்றுக்கணக்கான செம்மறிகள் மலைக்கு அருகே திறந்தவெளியில் இரவைக் கழிக்கும். அப்போது அங்கே சுவரும் இல்லை, கூரையும் இல்லை. கீதாரியின் (கிடை மேய்ப்பவரின்) கம்பும் ஒரு டார்ச் விளக்கும் மட்டும்தான். சுருட்டித் தோளில் போட்டு அடுத்த வயலுக்குக் கொண்டுபோகக்கூடிய ஆளுயர வலை, சூரிய ஒளியில் எரியும் இரண்டு விளக்கு, வாழைத் தோட்டத்திலிருந்து நூறடியாவது தள்ளிக் கிடை அமர்த்துவது. இவற்றில் முதல் இரண்டையும் அறுப்புக்கு முன்பே அடிவாரப் பஞ்சாயத்துகளில் வாங்கி வைத்திருந்தால், கூண்டு கேட்டு வரும் மனுக்கள் கோடையில் எத்தனை குறைகின்றன என்று எண்ணியே பார்த்துவிடலாம்.